வெயிலில் கம்பளி சாக்ஸ்... ஆட்டுச் சந்தையில் நூல் திருவிழா!

ஜூன் மாதம் இங்கிலாந்தில் கோடை. இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பூங்காப் புல்வெளிகளில் ஜனங்கள் ஆசை தீர வெயில் காய்வார்கள். அதே நாட்களில்தான் பல வீடுகளில் கம்பளி நூலும் ஊசிகளும் வெளியே வருகின்றன. ஆனால், பின்னுவது ஸ்வெட்டர் அல்ல, சாக்ஸ்!

காரணம் ரொம்ப எளிமையானது. ஸ்வெட்டர் என்றால், பின்னியதெல்லாம் மடியில் போர்வை மாதிரி குவிந்து வியர்க்க வைக்கும். சாக்ஸ் கைப்பைக்குள் அடங்கிவிடும். ரயிலில் நாலு சுற்று, மகளின் நீச்சல் வகுப்பு முடியும்வரை பத்துச் சுற்று என்று போகிற இடமெல்லாம் பின்னலாம். ஜூனில் தொடங்கினால், குளிர் வருவதற்குள் வீட்டில் ஆளுக்கு ஒரு ஜோடி தேறிவிடும்.

குதிகாலில்தான் வித்தை

ஒரு ஜோடிக்கு 100 கிராம் நூல் போதும். நீளத்தில் சுமார் 400 மீட்டர். பெரும்பாலும் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். வெறும் கம்பளி என்றால் குதிகாலில் சீக்கிரமே ஓட்டை விழும். பெரியவர்களின் காலுக்கு 60 முதல் 72 கண்ணிகள் வரை போட்டு, நான்கு சிறிய ஊசிகளில் பிரித்து வைத்து, ஐந்தாவது ஊசியால் வட்டமாகப் பின்னிக்கொண்டே வருவார்கள். கணுக்கால் வரை அது வெறும் குழாய்தான். குதிகால் வந்ததும் பாதிக் கண்ணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிசை முடியும் முன்பே திரும்பித் திரும்பிப் பின்ன வேண்டும். நேராக இறங்கிய குழாய் அங்கே கிண்ணம்போல வளைந்து, பாதத்தின் பக்கம் திரும்பும். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. முதன்முறை இதைச் செய்து முடிப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டாமல் விடுவதில்லை.

அதன்பின் வேறொரு சோதனை. ஒரு சாக்ஸை முடித்த சந்தோஷத்தில், அடுத்ததைத் தொடங்கவே மனசு வராது. இதற்கு 'இரண்டாவது சாக்ஸ் வியாதி' என்று பின்னுபவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள்!

இன்று இது பொழுதுபோக்கு. 18-ம் நூற்றாண்டில் இதுவே வயிற்றுப்பாடு. வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்தில் இன்று இருக்கும் டென்ட் என்ற ஊரில் ஆண், பெண், குழந்தை என எல்லோரும் காலுறை பின்னினார்கள். பின்னியவை கெண்டல் சந்தைக்குப் போயின. இடுப்புவாரில் ஒரு மரக்கட்டையைச் செருகி, அதன் துளையில் ஊசியைப் பொருத்திக்கொண்டால் நடந்துகொண்டே பின்னலாம். அந்தக் கட்டையைச் செதுக்கிக் காதலிக்குப் பரிசாகத் தந்த இளைஞர்கள் உண்டு. வேலை வாங்கித் தரும் காதல் பரிசு!

டென்ட்காரர்களுக்கு அன்றைய பட்டப்பெயர், 'பயங்கரமான பின்னல்காரர்கள்'. திட்டு அல்ல. நம் ஊரில் 'பயங்கரமா பின்றாங்கப்பா' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். ஆனால், அந்த வேகத்துக்குப் பின்னால் கண்ணீரும் இருந்தது. கவிஞர் ராபர்ட் சதியின் 'தி டாக்டர்' நூலில் இரண்டு சகோதரிகளின் கதை வருகிறது. அக்காவுக்கு ஏழு வயது தாண்டியிருக்கிறது, தங்கை இரண்டு வயது இளையவள். பின்னல் பழக டென்ட்டுக்கு அனுப்பப்பட்ட இருவரும், அங்கே இருக்க முடியாமல், குளிர்காலத்தில் நடந்தே வீடு திரும்பினார்கள்.

அதே கம்பிரியாவில்தான் இப்போது 'வூல்ஃபெஸ்ட்' என்ற கம்பளித் திருவிழா நடக்கிறது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பிறந்த காக்கர்மவுத் ஊரில், ஜூன் கடைசி வெள்ளி, சனிக் கிழமைகளில். இடம், கால்நடை ஏலச்சந்தை! வழக்கமாக ஆடுமாடுகள் நிற்கும் பட்டிகளில் சிட்டம் சிட்டமாகச் சாயநூல் தொங்கும். ஒருபக்கம் ராட்டை சுற்றுவார்கள், இன்னொரு பக்கம் அரிய இன ஆடுகளின் அணிவகுப்பு. வெட்டிய முடியை அப்படியே ஆட்டு வாசனையோடு சுருட்டி விற்பதும் உண்டு.

மலை தெரிந்த ஆடுகள்

இந்தக் கொண்டாட்டத்தின் வேர், ஒரு துக்கத்தில் இருக்கிறது. 2001-ல் பிரிட்டனைக் கோமாரி நோய் தாக்கியது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மிக மோசமாக அடிவாங்கியது கம்பிரியா. அங்கே கம்பளியை நம்பியிருந்தவர்கள் சேர்ந்து 'வூல் கிளிப்' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள்தான் 2005-ல் வூல்ஃபெஸ்ட்டை ஆரம்பித்தவர்கள்.

செத்தது போக, புது ஆடு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். இந்த மலைகளில் அது நடக்காது. இங்கே மேயும் 'ஹெர்ட்விக்' இன ஆடுகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாகும். உயர்ந்த மலைப்பகுதியில் வேலி கிடையாது. இருந்தும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்தான் மேயும். எது தன் மலை என்பதைக் குட்டி தன் தாயோடு மேய்ந்தே கற்றுக்கொள்கிறது. ஒரு மந்தை மொத்தமாக அழிந்தால், அந்த அறிவும் சேர்ந்தே போய்விடும். ஹெர்ட்விக் ஆடுகளில் பெரும்பகுதி இந்த ஒரே வட்டாரத்தில் இருந்ததால், இனமே போய்விடுமோ என்ற பயம் அன்று இருந்தது.

இந்த ஆடுகளுக்காக முன்பே கவலைப்பட்டவர், 'பீட்டர் ராபிட்' முயல் கதையை 1902-ல் வெளியிட்ட பியாட்ரிக்ஸ் பாட்டர். புத்தகங்களில் வந்த பணத்தில் இங்கே பண்ணைகளை வாங்கி ஹெர்ட்விக் வளர்த்தார். 1943-ல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு விட்டுச் சென்றார், மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர வேண்டும் என்ற விருப்பத்தோடு.

நோய் போனது, விலைப் பிரச்னை போகவில்லை. ஆடு வருடத்துக்கு ஒருமுறை முடி வெட்டாவிட்டால் கோடையில் தவிக்கும், புழு வைக்கும். ஆனால், முரட்டுக் கம்பளிக்குக் கிடைக்கும் விலை பல வருடங்களில் வெட்டுக்கூலிக்கே கட்டுவதில்லை. 2020-ல் கொரோனாவால் சந்தை சரிந்தபோது, கம்பளியை விற்காமல் எரித்த விவசாயிகளும் பிரிட்டனில் உண்டு.

திருவிழாவில் வளர்த்தவரே வாங்குபவரிடம் நேரடியாக விற்கலாம். நல்ல முடிக்கு மொத்த விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால், ஒரு முரண். சாக்ஸ் பின்னுபவர்கள் தேடுவது 'புளூஃபேஸ்டு லெஸ்டர்' போன்ற ஆடுகளின் மிருதுவான நூலை. ஹெர்ட்விக் கம்பளியோ சொரசொரவென்று குத்தும். அது போய்ச் சேர்வது தரைவிரிப்புக்கும் கைப்பைக்கும் மலையேறிகளின் தடித்த பூட்ஸ் சாக்ஸுக்கும்தான். இரண்டு நாள் திருவிழா, ஒரு மலையின் கம்பளி முழுவதற்கும் விலை தேடித் தந்துவிடாது.

அப்படியும் முழு ஆட்டுமுடியை வாங்கிச் சுமந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த சில வாரங்களுக்கு வேலை இருக்கிறது. முள்ளையும் சாணத்தையும் பொறுக்கி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். அலசும்போது நிறையக் கசக்கினால் கெட்டித் துணியாகிவிடும். பிறகு காயவைத்து, சீவி, ராட்டையில் நூற்க வேண்டும். முதல் ஜோடி சாக்ஸ் தயாராவதற்குள் அடுத்த ஜூன் வந்துவிடலாம்.