ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார்: எண்களைக் கூட்டாதீர்கள்!

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராசசரின் கிகா ஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு கோர் இருந்தால் வேகம் இரு மடங்காகிவிடுவதும் இல்லை. புதிய ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார் வரப் போகிறது என்ற செய்தியைப் படிக்கும்போதும் இதே கவனம் தேவை.

ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் உள்ளன. இரண்டின் குதிரைத் திறனையும் கூட்டினால் காரின் மொத்தத் திறன் கிடைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் எப்போதும் அப்படிக் கிடைப்பதில்லை.

2025ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா ப்ரெலூட் காரை எடுத்துக் கொள்வோம். அமெரிக்க மாடலில் இன்ஜினின் திறன் 141. மோட்டாரின் திறன் 181. கூட்டினால் 322. ஆனால் நிறுவனம் அறிவித்த மொத்தத் திறன் 200 தான். பெரும்பாலான நேரங்களில் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரத்தில்தான் மோட்டார் சக்கரங்களை ஓட்டுகிறது. ஒரே சக்தியை இரு இடங்களில் அளந்து, இரு முறை கணக்கில் சேர்க்க முடியாது அல்லவா?

எதிர்பார்ப்பு எப்படி ஏமாற்றமாகும் என்பதற்கு ஹோண்டாவின் சிஆர்-இஸட் நல்ல உதாரணம். 2007 டோக்கியோ மோட்டார் ஷோவில் இதன் மாதிரியைக் கண்ட ரசிகர்கள், 1980களில் புகழ் பெற்ற சிஆர்-எக்ஸ் மீண்டும் வருகிறது என மகிழ்ந்தனர். 2010ல் கார் வந்தது. ஐரோப்பிய மாடலின் மொத்தத் திறன் 124. அதில் மோட்டாரின் திறன் வெறும் 14. மோட்டார் குறைந்த சுழற்சியிலேயே முழு விசையைத் தருவதால், சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் துடிப்பாக இருந்தது. ஆனால் 100 கி.மீ. வேகத்தைத் தொட சுமார் 10 வினாடிகள் தேவைப்பட்டன. 2016ல் இதன் தயாரிப்பு நின்றது.

ஹைபிரிட் என்றாலே வேகம் குறைவு என்று எண்ணுவதும் தவறு. போர்ஷே 918 ஸ்பைடர், 2013ல் ஜெர்மனியின் நர்பர்க்ரிங் பாதையில் 20 கி.மீ.க்கும் அதிகமான சுற்றை 6 நிமிடம் 57 வினாடிகளில் முடித்தது. இதன் மொத்தத் திறன் 887.

எனவே அடுத்த ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய அறிவிப்பில் மூன்றைக் கவனியுங்கள்.

1. நிறுவனம் அறிவிக்கும் மொத்தத் திறன் எவ்வளவு? தனித்தனி எண்களை விட்டுவிடுங்கள்.

2. காரின் எடை எவ்வளவு? பேட்டரியும் மோட்டாரும் எடையைக் கூட்டும். எடையைத் திறனால் வகுத்துப் பாருங்கள். விடை குறையக் குறைய வேகம் கூடும்.

3. பேட்டரியில் சார்ஜ் குறைந்தால் என்ன ஆகும்? மோட்டாரின் உதவி குறைந்து, மலைப்பாதையில் முதல் ஐந்து நிமிடம் இருந்த வேகம் பிறகு இல்லாமல் போகலாம்.

இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு முன்பணம் கட்டுவது பற்றி யோசிக்கலாம்.