டிஸ்க் இருக்கு, வாய்தான் பொருந்தலை

திருப்பதியிலிருந்து சித்தூர் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் காதங்கியைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1024 யாகி ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிற ரேடார் ஒன்று அங்கே உண்டு. 1993-லிருந்து முழுமையாக இயங்குகிறது. காற்றும் வானிலையும் எப்படி மாறிவருகின்றன என்று பார்க்க, பல வருஷப் பதிவு விட்டுப்போகாமல் வேண்டும். ஆனால் 1993-ல் விற்ற ஹார்ட் டிஸ்க்கைச் சொருக இன்றைய கம்ப்யூட்டரில் இடமே கிடையாது. பதிவு பிழைக்க வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறை டிஸ்க்கிலிருந்தும் அடுத்ததற்கு யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் இதே பாடுதான். 2003, 2004 வாக்கில் எடுத்த முகூர்த்தம் முழுக்க ஐ.டி.இ. என்ற பழைய இணைப்பு கொண்ட டிஸ்க்கில் தூங்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: இரண்டு வரிசையில் 40 பின்னுக்கு இடம், நடுவில் ஒன்று மட்டும் இருக்காது. கேபிளைத் தலைகீழாகச் சொருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பட்டைக் கேபிளில் சிவப்புக் கோடு போட்ட ஓரம் முதல் பின் பக்கம். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம் என்பதால், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று ஒரு குட்டி ஜம்பர் சொல்லும். ஜம்பர் தப்பான இடத்தில் இருந்ததால் ‘செத்துப்போச்சு’ என்று ஒதுக்கப்பட்ட நல்ல டிஸ்க்குகள் எத்தனையோ! பின் வளைந்திருந்தால் ட்வீசரால் மெல்ல நிமிர்த்தலாம். திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் முறிந்துவிடும்.

யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கினால் போதும் என்பார்கள். பாதி உண்மை. டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க்கில் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி. தருவதோ 5 வோல்ட். தனியாகப் பவர் கொடுக்கும் அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட்டே போதும்.

ஐ.டி.இ.க்கு அடுத்த இணைப்பாக 2003-ல் சாட்டா வந்தது. தகவலுக்கு 7 தொடர்பு, பவருக்கு 15. கேபிளுக்கு ஒரே டிஸ்க், ஜம்பர் தொல்லை இல்லை. விநாடிக்கு 150 மெகாபைட்டில் தொடங்கி 600 வரை போனது. சுழலாத எஸ்.எஸ்.டி.க்கு அதுவும் போதாமல் போகவே, 2011-ல் என்.வி.எம்.இ. என்ற வேகமான முறை வந்தது.

இன்றைய குழப்பம் எம்.2 என்ற எஸ்.எஸ்.டி. சீட்டு வடிவத்தில். 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 நீளம். பார்வைக்கு எல்லாம் ஒரே சீட்டு. உள்ளே பேசுவது சாட்டாவாகவும் இருக்கும், என்.வி.எம்.இ.யாகவும் இருக்கும். விளிம்பில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு என்றால் அநேகமாக என்.வி.எம்.இ. அதையும் முழுசாக நம்ப முடியாது. ஸ்டிக்கரைப் படியுங்கள். என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் யு.எஸ்.பி. பெட்டியில் சாட்டா சீட்டைச் சொருகினால் எதுவுமே தெரியாது. டிஸ்க் போய்விட்டது என்று பதறாமல், இரண்டையும் ஏற்கும் பெட்டியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

(தொடரும்)