ஊசியை முதல்ல பாருங்க

காவேரிப்பட்டினம் வீட்டுல அப்பா விட்டுட்டுப் போன ஒரே எல்.பி. ரெக்கார்டு, இளையராஜாவோட ‘ஹவ் டு நேம் இட்’. 1986-ல வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம்.

ஓசூர்ல வாங்கின பழைய பிளேயர்ல ஆசையா திரும்பத் திரும்பப் போட்டேன். வயலின் கரகரன்னுச்சு. ரெக்கார்டு பழசுன்னு நினைச்சேன். கோளாறு ஊசியில.

ரெக்கார்டுல இருக்கிற நுண்ணிய பள்ளத்தோட சுவர் நெளிவுதான் இசை. ஊசியோட வைர முனை தேய்ஞ்சு விளிம்பு கட்டிட்டா, அந்தச் சுவரையே சீவிடும். சீவினது திரும்ப வராது.

அதனால, பழைய பிளேயர் கிடைச்சா முதல்ல ஊசியை மாத்துங்க.

நானும் மாத்திட்டேன். இப்போ எல்லாம் தெளிவா கேட்குது, நான் திரும்பத் திரும்பப் போட்ட அந்த ஒரு டிராக்கைத் தவிர.