1,500 ரூபாய் வாட்ச்சிடம் தோற்கும் லட்ச ரூபாய் வாட்ச்... அப்புறம் எதுக்கு அவ்வளவு விலை?

அடையாறு சிக்னலில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் உங்கள் ஸ்கூட்டர். பச்சை விழுந்ததும் ரெண்டு பேரும் போவது ஒரே வேகத்தில்தான். லட்ச ரூபாய் வாட்ச் கதையும் இதேதான். அப்போ அந்தக் காசு எங்கே போகிறது?

எது துல்லியம்?

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சில் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். சாதாரண குவார்ட்ஸ் மாசத்துக்குச் சுமார் 15 விநாடிதான் முன்னே பின்னே போகும். ஆனால், சுவிஸ் 'சிஓஎஸ்சி' சான்றுக்கான விதி, மெக்கானிக்கல் மெஷின் நாளுக்கு 4 விநாடி மெதுவாகவோ, 6 விநாடி வேகமாகவோ ஓடலாம் என்கிறது. அதாவது, மாசத்துக்கு 3 நிமிஷம் வரைகூட தப்பலாம். நேரம் பார்க்க மட்டும்னா, தி.நகரில் வாங்கும் 1,500 ரூபாய் வாட்ச்தான் வின்னர்.

உள்ளே இருப்பது ஒரு குட்டி இன்ஜின்

மெயின் ஸ்பிரிங்தான் பெட்ரோல் டேங்க். பல்சக்கரங்கள் கியர்பாக்ஸ். ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள குரோனோகிராஃப் என்றால் கிளட்ச்சும் உண்டு. உராய்வைக் குறைக்க செயற்கை மாணிக்கக் கற்கள், அதன் மேல் துளி எண்ணெய்.

இப்போ ஒரு கணக்கு. கார் இன்ஜின் தினமும் ஒரு மணி நேரம், 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் 1.2 லட்சம் சுற்று. வாட்ச்சின் பேலன்ஸ் வீல் பொதுவாக விநாடிக்கு 8 முறை துடிக்கும். நாளுக்கு 6.9 லட்சம் துடிப்பு! வருஷத்துக்கு 25 கோடியைத் தாண்டும். லீவே கிடையாது.

ரேஸ் டிராக்கில் சேர்ந்த ஜோடி

டயலைச் சுற்றி 60, 120, 240 என்று எண்கள் இருக்கும் வாட்ச் பார்த்திருப்பீங்க. அது டாக்கிமீட்டர், வேகம் அளக்க. ஒரு கிலோமீட்டரை 30 விநாடியில் கடந்தால் முள் 120-ல் நிற்கும்: மணிக்கு 120 கி.மீ. 1963-ல் வந்த ஹோயர் நிறுவனத்தின் 'கரேரா' வாட்ச்சுக்கு, மெக்ஸிகோ சாலைப் பந்தயமான 'கரேரா பனமெரிக்கானா'தான் பெயர் கொடுத்தது.

ஓசூர் காட்டிய இன்னொரு வழி

விலைதான் இன்ஜினீயரிங் என்றில்லை. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம் டைட்டன். ஓசூரில் தொழிற்சாலை. 2002-ல் அது வெளியிட்ட 'எட்ஜ்' வாட்ச்சின் மொத்த தடிமன் வெறும் 3.5 மி.மீ. உள்ளிருக்கும் மெஷின் 1.15 மி.மீ. அது குவார்ட்ஸ்தான். ஆனாலும், கார் இன்ஜினீயர் எடையைக் கிராம் கிராமாகக் குறைப்பது போல, இங்கே தடிமனோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இ.எம்.ஐ. போடும் முன்...

ரெண்டிலுமே கடைசி 5 சதவிகிதத் திறனை எட்டத்தான் பெரும் செலவு. அதோடு பிராண்ட் பெயருக்கும் ஒரு விலை. அதனால கடையில் மூணு கேள்வி கேளுங்க. மெஷின் யாருடையது? சர்வீஸ் எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை, எவ்வளவு செலவு? சென்னையிலேயே சர்வீஸ் நடக்குமா? மெக்கானிக்கல் வாட்ச்சின் எண்ணெயும் காலப்போக்கில் காயும். கார் மாதிரியே, வாங்கும் விலையோடு பில் முடிவதில்லை.

பதில் தெரிந்த பிறகும் மனசு அதையே கேட்டால், தாராளமா வாங்குங்க. நேரம் பார்க்கத்தான் கையில் போன் இருக்கே!