திருச்சியிலிருந்து துபை எவ்வளவு தூரம்? டிக்கெட் நேரத்தைப் படிப்பது எப்படி?

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், அரியலூர் பக்கமெல்லாம் பிள்ளைகள் வளைகுடாவுக்கோ சிங்கப்பூர், மலேசியாவுக்கோ போகாத வீடுகள் குறைவு. ஆனாலும் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக் குழம்பாத வீடும் குறைவுதான்.

திருச்சியிலிருந்து துபைக்கு வான்வழி நேர்தூரம் சுமார் 2,940 கி.மீ. சிங்கப்பூருக்குச் சுமார் 2,980 கி.மீ. ஏறத்தாழ இரண்டும் ஒன்றுதான், நம்மூர் நடுவில் இருக்கிறது! விமானம் மேலே மணிக்கு 850 கி.மீ. அளவில் பறக்கும். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டுக்குமே ஏறக்குறைய 4 மணி நேரம்.

ஆனால் டிக்கெட் அப்படிக் காட்டாது. இரவு 10 மணிக்குத் திருச்சியில் கிளம்பினால் துபையில் இறங்குவது 12.30 என்றிருக்கும். சிங்கப்பூர் என்றால் அதிகாலை 4.30. புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டையும் அந்தந்த ஊர் கடிகாரப்படி அச்சிடுவதே காரணம். துபை நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் வளைகுடா வானில் மேற்கிலிருந்து பலமான காற்று வீசுவதால், ஊர் திரும்பும் விமானம் சற்று முன்னதாகவே வந்துவிடுவதும் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் தேதி. 15ஆம் தேதி 00.40 என்றிருந்தால் 14ஆம் தேதி இரவே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாளாகியிருக்கும், டிக்கெட் பணமும் போய்விடும். பெரம்பலூரிலிருந்து அறுபது கி.மீட்டருக்கு மேல், அரியலூரிலிருந்து இன்னும் கூடுதல். விமான நிலையம் திருச்சியைத் தாண்டிப் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டுமானால், வீட்டிலிருந்து ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புவது நல்லது.

நோன்பாளிகளுக்கு இன்னொரு கணக்கு. மேற்கே போகப்போகப் பகல் நீளும். துபையில் சூரியன் நம்மூரைவிட ஒன்றரை மணி நேரம் அளவுக்குப் பிந்தித்தான் மறைகிறது. அஸருக்குப் பின் கிளம்பியவர் ஊரில் பாங்கு சொல்லியிருப்பார்கள் என்று நோன்பு திறந்துவிடக் கூடாது. ஜன்னலில் சூரியன் தெரியும்வரை அவருக்கு மஃரிப் ஆகவில்லை என்பதே உலமாக்கள் சொல்லும் விளக்கம்.

உம்ரா செல்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து ஜித்தா சுமார் 4,450 கி.மீ., ஏறக்குறைய ஆறு மணி நேரம். இறங்குவதற்குச் சற்று முன்புதான் விமானம் மீக்காத் எல்லையைக் கடக்கும். ஒரு நிமிடத்தில் 14 கி.மீ. ஓடும் வேகத்தில் அறிவிப்பு கேட்ட பிறகு உடை மாற்றலாம் என்றிருந்தால், கழிவறை வரிசையில் நிற்கும்போதே எல்லை தாண்டிப் போய்விடும். இஹ்ராம் துணியை ஊரிலோ சென்னை ஏர்போர்ட்டிலோ உடுத்திக்கொண்டு, நிய்யத்தை மட்டும் அறிவிப்பு வந்ததும் வைத்துக்கொள்ளலாம். தூங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர்கள் கொஞ்சம் முன்னதாகவே நிய்யத் வைத்துக்கொள்ளட்டும்.