நீரின் ஆழமும் பறவையின் வாழ்வும்

இரை தேடவும் இளைப்பாறவும் இனம் பெருக்கவும் ஏற்ற நிலமும் நீரும் ஓர் உயிருக்கு ஒருங்கே அமைந்த இடத்தை வாழிடம் என்கிறோம். மரம்வாழ் பறவைக்கு அதனைக் கிளையும் இலையும் வகுக்கின்றன. சதுப்புநிலப் பறவைக்கோ நீரின் ஆழமே வகுக்கிறது. மாநகரில் காட்டுப்பறவைகளைக் காக்க விழைவோர் முதற்கண் உணர வேண்டிய நெறி இது.

சென்னையின் தென்பால் விரிந்துள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இந்நெறிக்குக் கண்கூடான சான்று. அங்கு நீர் வடிந்த சேற்றுவிளிம்பில் சிற்றுள்ளான்கள் அலகால் குத்திப் புழுக்களை எடுக்கின்றன. அதனை அடுத்த குறையாழத்தில் நெடுங்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் நடந்து மேய்கின்றன. இடையாழத்தில் ஊசிவால் வாத்து தலையை நீருள் கவிழ்த்து வாலை மேலே நிறுத்தி நீர்ச்செடிகளை மேய, ஆழ்நீரை முக்குளிப்பானும் நீர்க்காகமும் தமக்கென ஆள்கின்றன. பூநாரையின் உண்முறை இவை எல்லாவற்றினும் நுண்ணியது. அது தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்து, நாவை முன்னும் பின்னும் உந்தி நீரை உள்ளிழுத்து வெளியேற்றுகிறது. அலகோரத்து நுண்தகடுகள் சிற்றுயிர்களைத் தடுத்து நிறுத்துகின்றன. வடியலகு என்னும் பெயர் அவ்வுறுப்புக்குப் பொருந்தும். இவ்வாறு ஒரே நீர்ப்பரப்பைப் பல இனங்கள் ஆழத்தால் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றன் இரையை மற்றொன்று பெரிதும் பறிப்பதில்லை.

ஆழத்தைப் போன்றே நீர் ஏறி இறங்கும் விரைவும் இன்றியமையாதது. நெடுங்கால் உள்ளான் நீரோரத் திட்டில் சிறு குழியிட்டுப் பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகிறது. மண்ணிறத்தில் கரும்புள்ளிகள் படிந்த அவற்றை அருகில் நின்று நோக்கினும் எளிதில் காண இயலாது. நீர் மெல்ல ஏறினால் தாயும் தந்தையும் துரும்பும் புல்லும் சேர்த்துக் கூட்டை உயர்த்திக்கொள்ளும். ஒரே இரவில் ஏறினால் முட்டைகள் மூழ்கிப்போகும்.

இச்சதுப்பின் ஒரு பகுதி 2007ஆம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 2022இல் ஏறத்தாழ 1,247 எக்டேர் பரப்பு இராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எனினும் தொரைப்பாக்கம் – பல்லாவரம் சாலை அதனை ஊடறுத்துச் செல்கிறது. பெருங்குடிக் குப்பைமேடு அதன் பரப்பைத் தின்றே வளர்ந்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் மிகைநீர் இங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. அம்மடுவு குறுகினால் ஊருக்குள் வெள்ளம் தேங்கும். சதுப்பிலும் நீர் வடியாமல் சேற்றுவிளிம்பு மறையும். ஆக, மக்களுக்கும் பறவைகளுக்கும் வேண்டுவது ஒன்றே.

சதுப்பை ஏரிபோல் எண்ணி, முழுவதையும் ஆழமாகத் தோண்டி நீரைத் தேக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு கூறுவோர் உளர். அது தவறு என்பதே என் துணிபு. அவ்வாறு தோண்டினால் முக்குளிப்பான் தங்கும். ஆனால் நடு ஆசிய வலசைவழியே நெடுந்தொலைவு பறந்து வரும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமிராது. ஆதலின் ஈரநிலத்தில் மண்வெட்டி விழுமுன் அதன் ஆழங்களை அளந்து, எந்த ஆழத்தில் எப்பறவை மேய்கிறது என்று ஓராண்டு முழுதும் குறித்து வையுங்கள். அக்குறிப்பைக் கொண்டே சரிந்த கரைகளையும் சேற்றுத் திட்டுகளையும் விட்டுவைக்குமாறு பணி செய்வோரிடம் கேளுங்கள்.