குளிரில் தொலையும் பிள்ளை: திரைப்படம் சொல்வதும் உடல் சொல்வதும்

பனி மூடிய காட்டிலோ மலையிலோ காணாமற்போன பிள்ளையைத் தேடிப் பெற்றோர் அலையும் கதை, குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க பரபரப்புப் படங்களுள் ஒரு தனி வகையாக மேலைநாடுகளில் நிலைபெற்றுள்ளது. இவ்வகைப் படத்துக்கு வில்லன் என்று ஒருவர் தேவைப்படுவதில்லை. உள்ளே பிள்ளையின் உடல் சூட்டை இழந்துகொண்டிருக்க, வெளியே தேடுவோரின் நேரம் கரைந்துகொண்டிருக்க, இவ்விரண்டுக்கும் இடையிலான போட்டியே கதையை நடத்திச் செல்கிறது.

தமிழ்த் திரையில் இத்தகைய கதை அரிதாக இருப்பதற்கு நிலமே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள ராயகிரியில் மார்கழி விடியலின் குளிரே பெருங்குளிராகக் கருதப்படுகிறது. உதகையில்கூடக் காணப்படுவது உறைபனியே, அதாவது காற்றிலுள்ள ஈரம் இரவில் புல்லின்மேல் படிந்து உறைவதே ஒழிய, மேகத்திலிருந்து விழும் பனிப்பொழிவு அன்று. எனினும் இக்கதைக்கு மிக நெருங்கிய ஒரு படம் தமிழில் உண்டு. கோகுல் இயக்கத்தில் 2021 மார்ச்சில் வெளிவந்த ‘அன்பிற்கினியாள்’ பனிக்காட்டின் இடத்தில் ஓர் உணவகத்தின் குளிர்பதன அறையை வைத்தது. வெளிநாட்டில் செவிலியராகப் பணியாற்ற விரும்பும் மகள் இரவில் அவ்வறைக்குள் அடைபட்டுவிட, அவள் வீடு திரும்பாததால் தந்தை தேடத் தொடங்குகிறார். அத்தந்தையாகவும் மகளாகவும் நடித்த அருண் பாண்டியனும் கீர்த்தி பாண்டியனும் உண்மையிலும் தந்தையும் மகளுமே ஆவர். மாத்துக்குட்டி சேவியர் இயக்கிய ‘ஹெலன்’ (2019) என்னும் மலையாளப் படமே இதன் மூலம். அது சிறந்த அறிமுக இயக்குநருக்கும் சிறந்த ஒப்பனைக்கும் தேசிய விருதுகளைப் பெற்றது. குளிரால் தோல் வெளிறி, உதடு நீலம் பூத்து, முகம் படிப்படியாக உறைந்து மாறுவதைக் காட்டும் பொறுப்பு ஒப்பனையின்மீதே விழுந்ததால், அவ்விருது கதையின் உயிர்நாடிக்குக் கிடைத்த ஏற்பு எனலாம்.

இப்படங்களை உணர்ந்து பார்ப்பதற்குக் குளிர் உடலில் செய்யும் வேலையை அறிந்திருத்தல் நலம். மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலையை மருத்துவர்கள் உடல் வெப்பக்குறைவு என்பர். தொடக்கத்தில் வரும் கடுமையான நடுக்கம், தசைகளை இயக்கிச் சூட்டை உண்டாக்க உடல் எடுக்கும் முயற்சியாகும். வெப்பம் 32 டிகிரியை நெருங்கிக் கீழிறங்கும்போது அந்நடுக்கம் ஓய்ந்து, பேச்சு குழறி, அறிவு மயங்குகிறது. ஆகவே நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென அமைதியாவது தேறுதலின் அறிகுறியன்று, ஆபத்து முற்றியதன் அறிகுறியாகும். இறுதிக்கட்டத்தில் சிலர் தமக்கு வெம்மையாக இருப்பதாக மயங்கி ஆடைகளைக் களைவதும் உண்டு. எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு குழந்தைகளுக்கு அதிகம் என்பதால், அவர்கள் பெரியவர்களைவிட விரைவாகச் சூட்டை இழக்கின்றனர்.

ஆனால் அதே குளிர் சில வேளைகளில் உயிரைக் காத்தும் நிற்கிறது. கனடாவின் எட்மன்டன் நகரில் 2001 பிப்ரவரியில், இரவில் வீட்டைவிட்டு வெளியே சென்று பனியில் கிடந்த 13 மாதக் குழந்தையின் உள்வெப்பம் 16 டிகிரிக்கு இறங்கி, இதயத்துடிப்பும் நின்றிருந்தது. மருத்துவர்கள் சூடேற்றியபின் அக்குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆழ்ந்த குளிரில் மூளைக்குத் தேவைப்படும் உயிர்வளியின் அளவு மிகவும் குறைந்துவிடுவதே இதற்கு விளக்கம். அதனால்தான், குளிரில் விறைத்துக் கிடப்பவரை முறையாகச் சூடேற்றிப் பாராமல் இறந்ததாக முடிவு கட்டலாகாது என்பது மருத்துவ விதியாக உள்ளது.

தேடுதலின் பக்கமும் இக்கதைகளில் சம அளவு முதன்மை உடையது. ‘ஹெலன்’ படத்தில் தந்தைக்குக் காவல் நிலையத்தில் கிடைப்பது ஏளனமும் தாமதமும்தான். மகள் கட்டடத்தை விட்டு வெளியேறவில்லை என்ற துப்பைத் தருபவரோ, நாள்தோறும் போகும்போது தம்மைப் பார்த்துச் சிரிக்கும் பெண் அன்று வரவில்லை என்று கவனித்த காவலாளி. இருபத்து நான்கு மணி நேரம் கழித்தே புகார் பெறப்படும் என்ற எண்ணம் மக்களிடையே இன்றும் பரவலாக இருந்தாலும், 18 வயதுக்குட்பட்டவர் காணாமற்போனால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டுள்ளது.

இவையெல்லாம் பனி விழும் நாட்டாருக்கு மட்டும் உரியவை அல்ல. நனைந்த ஆடையும் காற்றும் சேர்ந்தால், நீர் உறையாத மிதமான குளிரிலும் உடல் வெப்பம் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைக்காட்டில் ஓர் இரவு சிக்கிக்கொள்ளும் சிறுவனுக்கும் அந்த ஆபத்து உண்டு. மீட்கப்பட்ட பிள்ளையின் கைகால்களைச் சூடு பறக்கத் தேய்ப்பது நம் ஊர்களில் இயல்பாக எழும் உதவியாயினும், முற்றிய நிலையில் உடலை உலுக்குவதும் அழுத்தித் தேய்ப்பதும் இதயத்துடிப்பைத் தடுமாறச் செய்யக்கூடும். ஈர ஆடையைக் களைந்து, தலை உட்பட உலர்ந்த கம்பளியால் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பான இனிப்புப் பானம் கொடுத்து, மருத்துவமனைக்கு அசைவின்றிக் கொண்டு செல்வதே முறையாகும்.

கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 1981இல் ஒரு சிறுவன் தொலைந்து இறந்தபின், வழி தவறிய பிள்ளை அலையாமல் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்று பள்ளிகளில் கற்பிக்கும் திட்டம் தோன்றியது. ஓரிடத்தில் நிற்கும் பிள்ளையைத் தேடுவோர் எளிதில் கண்டுபிடிப்பர் என்பதே அதன் அடிப்படை. ராயகிரி போன்ற மலையடிவார ஊர்களின் பள்ளிகளும் பெற்றோரும் இவ்வொரு பாடத்தையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கித் தர வேண்டும்.